காரைக்கால்: வந்தவர் கணக்கும் போனவர் கணக்கும்

(கூடுவாஞ்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு சின்ன ஊரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1739 முதல் 1954 வரை தங்களுடையது என்று உரிமை கொண்டாடிய ஊர். அங்கே பேசியது தமிழ். விளைந்தது நெல். பாய்ந்தது காவிரித் தண்ணீர். ஆனால் பறந்தது பிரெஞ்சுக் கொடி. அந்த ஊர் காரைக்கால்.

கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு காரைக்காலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். சென்னையிலிருந்து காரைக்காலுக்குப் போகும் இரவு ரயில் நம் ஊர் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு அந்தத் தண்டவாளத்தைவிடப் பழையது.

இங்கிருந்து கிழக்கே போனால் கோவளம். அங்கே ஆற்காட்டு நவாப் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. தெற்கே போனால் செங்கல்பட்டு. இன்றைக்கு ரயில் பாதை ஊடறுத்துப் போகிறதே, கொளவாய் ஏரிக்கரைக் கோட்டை, அதுவும் 1751இல் பிரெஞ்சுக்காரர் வசம் ஆனது. இன்னும் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடைக்கழிநாட்டுப் பக்கம், கடப்பாக்கத்துக்கு அருகில் ஆலம்பரை. நாணயம் அடித்த சாலையும் உப்பு வாணிபமும் இருந்த துறைமுகக் கோட்டை. தக்காணத்துச் சுபேதார் முசாபர் ஜங், பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் செய்த உதவிக்குக் கைம்மாறாக 1750இல் அதைக் கொடுத்தார். ஆக, இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் மூன்று பக்கமும் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம் ஒன்று இருந்தது.

எத்தனை நாள் பறந்தது? கோவளத்தையும் செங்கல்பட்டையும் 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். ஆலம்பரையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். மிச்சம் நின்ற சுவர்களையும் 2004 ஆழிப்பேரலை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனது. இன்றைக்கு ஆலம்பரைக்குப் போனால் செங்கல்லும் சுண்ணாம்பும் மணலும் உப்பங்கழியும் இருக்கின்றன. கோட்டைக்குள் வாழ்ந்தவர்கள் யார், எத்தனை குடும்பம், நாணயச் சாலையில் வேலை பார்த்தவர்கள் பிறகு எந்த ஊருக்குப் போனார்கள்? கேட்டால் பதில் சொல்ல ஓர் ஏடு இல்லை.

பக்கத்து ஊர்களின் கதை இப்படி முடிந்துவிட்டது. காரைக்காலின் கதை முடியவில்லை. அங்கே ஊரும் இருக்கிறது, மக்களும் இருக்கிறார்கள், மக்களைப் பற்றிய ஏடும் இருக்கிறது. அந்த ஏட்டை உங்கள் முன்னால் விரித்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு எப்படிப் போனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1738இல் தஞ்சை மராத்தியர் அரண்மனையில் பட்டத்துக்குப் போட்டி. பட்டம் வேண்டிய சாகுஜி புதுச்சேரி ஆளுநர் துய்மாவிடம் உதவி கேட்டார், காரைக்காலைத் தருவதாக வாக்கும் கொடுத்தார். பட்டம் கிடைத்தது. வாக்குத் தவறினார். அப்போது தஞ்சையோடு பகை கொண்டிருந்த சந்தா சாகிபு காரைக்காலைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். அது 1739 பிப்ரவரி. பின்னால் பட்டத்துக்கு வந்த பிரதாப சிங்கு அதை ஒத்துக்கொண்டு மேலும் கிராமங்களைக் கொடுத்தார். இந்தப் பேரத்தில் எங்காவது காரைக்கால் மக்களைக் கேட்டார்களா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெல் வயலோடும் வாய்க்காலோடும் சேர்த்து மக்களையும் கைமாற்றினார்கள்.

அதன் பிறகும் கைமாற்று ஓயவில்லை. 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1765இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1778இல் மறுபடி பிடித்தார்கள். 1785இல் மறுபடி கொடுத்தார்கள். 1793இல் மறுபடி. கடைசியாக, ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்து உடன்படிக்கைகள் எழுதப்பட்ட பின், 1817 ஜனவரியில் காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. ஐம்பத்தேழு ஆண்டுக்குள் மூன்று முறை கொடி இறங்கி மூன்று முறை ஏறியது. ஒரே வீட்டில் பாட்டி ஒரு ராஜாவின் ஆட்சியில் பிறந்து, மகள் இன்னொரு ராஜாவின் ஆட்சியில் பிறந்து, பேத்தி மறுபடி முதல் கொடியின் கீழ் பிறந்திருப்பாள். வீடு மாறவில்லை, அரசலாறு திசை மாறவில்லை.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சின்ன ஊர் என்றேன். எவ்வளவு சின்னது? முழுப் பகுதியும் சேர்த்துச் சுமார் 53 சதுர மைல். அதற்குள் காவிரியின் கிளைகள் ஏழு. வளமான மண், நெருக்கமான குடியிருப்பு. 1883இல் அங்கே மக்கள்தொகை 93,055. எட்டு ஆண்டு கழித்து, 1891இல், 70,526. இன்னும் பத்து ஆண்டு கழித்து, 1901இல், 56,595.

இந்த மூன்று எண்களையும் தயவுசெய்து மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொண்ணூற்று மூன்றாயிரம். எழுபதாயிரம். ஐம்பத்தாறாயிரம். பதினெட்டே ஆண்டில் முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கிறார்கள். நூறு பேர் இருந்த தெருவில் முப்பத்தொன்பது பேர் இல்லை. அவர்கள் எங்கே?

கணக்கெடுத்தவர்கள் தவறியிருக்கலாமே என்பீர்கள். ஒரு முறை எண்ணியதில் கூடக் குறைய இருந்திருக்கலாம். ஆனால் மூன்று எண்ணும் ஒரே திசையில் இறங்குகின்றன. அதுவும் ஏரி வறண்டு சாகும் ஊரில் இல்லை, ஆறு பாயும் ஊரில். அக்கம்பக்கத்துத் தஞ்சைச் சீமையில் கும்பகோணத்தை விட்டால் காரைக்கால் அளவுக்கு நெருக்கமாக மக்கள் வாழ்ந்த இடம் கிடையாது என்று அன்றைய கெசட்டியர் நூல்கள் எழுதுகின்றன. அப்படிப்பட்ட ஊர் ஏன் காலியாக வேண்டும்?

ஒரே காரணத்தைச் சொல்லி இதை முடித்துவிட முடியாது. கொள்ளை நோய் கொண்டுபோனவர்கள் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்துப் போனவர்கள் உண்டு, கடன்பட்டு இரவோடு இரவாகப் போனவர்கள் உண்டு. ஆனாலும் காரைக்காலைப் பொறுத்தவரை ஒரு திசை எல்லாவற்றுக்கும் பெரிய திசை. அது கிழக்கு. அது கடல்.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. ரெயூனியன் தீவில் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதலை பெற்றார்கள். நல்ல காரியம், உலகம் போற்ற வேண்டிய காரியம். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளி அடுத்த நாள் காலையில் யாரை வைத்துக் கரும்பு வெட்டுவான்? கண்ணைத் திருப்பினான் நம் கடற்கரைப் பக்கம். ஐந்து வருஷ ஒப்பந்தம், சம்பளம், சோறு, முடிந்ததும் திரும்பக் கப்பல் என்று வாக்குறுதி. 1853இல் ஓரேலி என்ற கப்பல் முந்நூற்றுக்கு மேற்பட்ட இந்தியர்களோடு மார்த்தினிக் தீவில் கரை சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கு ஆள் கொண்டுபோனது. 1860இலும் 1861இலும் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டு இதைச் சட்டப்படியான தொழிலாக்கின. கப்பலேற்ற அனுமதிக்கப்பட்ட துறைகளில் புதுச்சேரியும் ஒன்று, காரைக்காலும் ஒன்று.

யார் போனார்கள்? காரைக்கால்காரர்கள் மட்டும் இல்லை. தஞ்சைச் சீமையின் பண்ணையாள்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், ஆள்பிடிக்கும் மேஸ்திரியின் பேச்சை நம்பியவர்கள், நம்பாமலே வேறு வழியில்லாதவர்கள். எல்லை தாண்டி வந்து காரைக்கால் கிட்டங்கியில் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். ஆழமான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். படகில் ஏறி அலையைத் தாண்டிப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். அதுவரை கடலையே பார்த்திராத உழவர் குடும்பம் அந்தப் படகில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், மனம் கனக்கிறது.

போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். மார்த்தினிக்குக்கு இருபத்தைந்தாயிரம் அளவில். ரெயூனியனுக்கு லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேரும் தமிழர் இல்லை, இவ்வளவு பேரும் காரைக்கால் வழியாகப் போகவில்லை. ஆனால் பெரும்பகுதி இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள்தான்.

அவர்கள் எதைக் கொண்டுபோனார்கள்? ஒரு மூட்டைத் துணி இருந்திருக்கும். கூடவே சாமியைக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள், மதுரைவீரனைக் கும்பிடுகிறார்கள். அந்த இந்துக் கோயில் வழிபாட்டிலேயே நாகூர் மீரானுக்கும் ஓர் இடம் உண்டு, அவருக்குக் கொடிமரம் உண்டு. நாகூர் எங்கே இருக்கிறது? காரைக்காலுக்குச் சற்றுத் தெற்கே. கப்பல் நகரும்போது கரையில் கடைசியாகக் கண்ணில் பட்டது நாகூர் தர்காவின் மனோராக்களாகக்கூட இருந்திருக்கலாம். கடலில் காப்பாற்றும் ஆண்டவர் என்று ஜாதி மதம் பார்க்காமல் கூப்பிட்டார்கள். நூற்று எழுபது ஆண்டு ஆகிவிட்டது. மொழி போய்விட்டது. அந்தக் கூப்பாடு நிற்கவில்லை.

1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. அங்கே தொழிலாளர் படும் பாடு பற்றிப் புகார்கள் குவிந்திருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் தீவுகளுக்கும் கப்பல் நின்றது. ஆண்டைக் கவனியுங்கள். 1883 கணக்கில் காரைக்காலில் தொண்ணூற்று மூன்றாயிரம் பேர். கப்பல் நின்ற பிறகு ஊருக்கு ஆள் வரத்தும் நின்றிருக்கும் என்று நான் கருதுகிறேன். கிட்டங்கி, அதை நம்பிய கடை, அதை நம்பிய படகு, அதை நம்பிய மேஸ்திரி எல்லோரும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

பிழைப்பு எங்கே இருந்தது? மறுபடியும் கிழக்கே! காரைக்காலுக்குப் பிரான்சோடு நேரடி வாணிபம் என்று எதுவும் கிடையாது, இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அதன் வாணிபம் இலங்கையோடும் மலாயாக் கரையோடும். அரிசி ஏற்றிப் போனது தோணி. அரிசி போன வழியில் ஆளும் போனார்கள். இன்னொரு வாசலும் திறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட கொச்சின்சீனா, அதாவது இன்றைய வியட்நாமின் தெற்குப் பகுதி. புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு படித்தவர்கள் சைகோனுக்குப் போனார்கள். வரி அலுவலகத்தில், காவல் துறையில், நீதிமன்றத்தில், கலங்கரை விளக்கத்தில் வேலை. வியாபாரத்துக்குப் போன மரைக்காயர்கள், வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் வேறு. சைகோனில் இன்றைக்கும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சி நல்ல ஆட்சி என்று பாராட்டிப் பேச நான் இங்கே வரவில்லை. அயலான் ஆட்சி அயலான் ஆட்சிதான். கப்பலேற்றி அனுப்பியதும் அவர்கள் கண்முன்னால்தான் நடந்தது. ஆனால் ஒரு வேலையை அவர்கள் விடாமல் செய்தார்கள். பெயர் எழுதினார்கள்.

பிறந்தால் எழுது. கல்யாணம் ஆனால் எழுது. இறந்தால் எழுது. எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கு. 'எத்தா சிவில்' என்று புதுச்சேரிக்காரர்களும் காரைக்கால்காரர்களும் இன்றைக்கும் சொல்லும் குடிமைப் பதிவேடு. அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பெயர், தொழில், தெரு. தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதினார்கள். கோணலாகத்தான் எழுதினார்கள், ஆனால் எழுதினார்கள். 1880இல் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பகுதிகள் அமைந்தபோது காரைக்கால், நெடுங்காடு, திருமலைராயன்பட்டினம் என்று மூன்று. பிறகு கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு சேர்ந்து ஆறு. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பலகையை அங்கே இன்றும் பார்க்கலாம். அந்த மேயர் அலுவலகங்களில் எழுதிய பதிவேடுகள் இங்கேயும் இருந்தன, கடல் கடந்து பிரான்சுக்கும் போயின. தெற்குப் பிரான்சில் ஏக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பழைய குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளைக் காத்துவருகிறார்கள்.

அதே காலத்தில் நம் பக்கம் எப்படி இருந்தது? ஊர் மணியக்காரர் குறித்து வைத்தால் உண்டு. இந்த அவையில் எழுபது வயது தாண்டிய பெரியவர்கள் எத்தனை பேருக்குச் சான்றிதழில் பிறந்த நாள் ஜூன் மாதம் என்று இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்டுக் கொடுத்த தேதி! பிறப்பையும் இறப்பையும் கட்டாயமாகப் பதிவதற்கு நாடு முழுமைக்குமான சட்டம் நமக்கு 1969இல்தான் வந்தது. ஒருவருடைய பிறந்த நாள் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆன்றி சிதம்பரம். பிறந்தது 1863இல், குவாதலூப் தீவில், கப்பெஸ்தேர் என்ற சின்ன ஊரில். ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பத்தின் பிள்ளை. அங்கே பிறந்தார், அங்கே படித்தார், அங்கேயே வேலை பார்த்தார். ஆனால் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த மண்ணில் குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை. 'நீங்கள் இந்தியர்கள், அந்நியர்கள்' என்றது அரசு. 1904இல் அவர் இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரிப் போராட்டத்தைத் தொடங்கினார். வழக்கு, மனு, மேல் முறையீடு. ஒன்றிரண்டு வருஷத்தில் முடியவில்லை. 1923இல்தான் பிரெஞ்சு அரசு இறங்கி வந்தது. பத்தொன்பது ஆண்டு! சின்ன ஊரில் பிறந்த ஒரு மனிதர், பெரிய அரசுக்கு எதிராகப் பத்தொன்பது ஆண்டு நின்றார்.

இதில் இருக்கும் வேதனையைப் பாருங்கள். 1871 முதல் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். காரைக்காலில் இருந்த உழவனுக்கு ஓட்டு இருந்தது. கள்ள ஓட்டும் அடிதடியும் கூடவே இருந்தன, அதை மறைக்கவில்லை. ஆனாலும் சட்டப்படி ஓட்டு இருந்தது. காரைக்காலில் இருந்த அண்ணனுக்கு ஓட்டு உண்டு. அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், கப்பலேறிப் போன தம்பிக்கு ஓட்டு இல்லை! போனவர்களில் பலர் பிரிட்டிஷ் எல்லையிலிருந்து வந்தவர்கள் என்பது அரசு சொன்ன வாதம். எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கத்து வீட்டில் பிறந்தோம் என்பது ஒரு மனிதனின் உரிமையை அப்படித் தீர்மானித்தது. அதனால்தான் பெரியோர்களே, பெயரும் ஊரும் தேதியும் எழுதிய ஒரு தாள் சாதாரணத் தாள் கிடையாது.

இன்றைக்கு ரெயூனியனில் சேந்த்-ஆந்த்ரே என்று ஒரு பிரெஞ்சு நகரம் இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் மக்கள். தீமிதி நடக்கிறது, காவடி எடுக்கிறார்கள், கோயில் கோபுரத்தைப் பார்த்தால் நம் ஊர் என்றே நினைப்பீர்கள். அந்த நகரத்தின் மேயராகப் பல ஆண்டு இருந்தவர், பிரெஞ்சு நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தவர், ழான்-போல் வீரப்பிள்ளை. கோணலாக எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பெயரைச் சுமந்துகொண்டு அவர் பிரெஞ்சுக் குடியரசின் மேலவையில் உட்கார்ந்தார். அந்தத் தீவுகளிலிருந்து இன்றைக்கு இளைஞர்கள் பழைய பதிவேட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வருகிறார்கள். கப்பல் பதிவேட்டில் பாட்டன் பெயர், பாட்டன் ஊர், அவருடைய தகப்பன் பெயர். அதை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகத் தேடுகிறார்கள். சிலருக்கு ஊர் கிடைக்கிறது. பலருக்குக் கிடைப்பதில்லை, ஏனென்றால் கப்பலில் எழுதினார்கள், எல்லைக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் எழுதவில்லை.

இனி 1954க்கு வருவோம். நாடு விடுதலை பெற்று ஏழு ஆண்டு ஆகியும் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான ஏனாம் விடுபட்டது, ஜூலையில் இன்னொரு பகுதியான மாகி விடுபட்டது. அக்டோபர் 18 அன்று புதுச்சேரி அருகே கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1739இல் ஒருவரையும் கேட்காமல் கைமாறிய ஊர், இருநூற்றுப் பதினைந்து ஆண்டு கழித்து, கேட்டுக் கைமாறியது. இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளம் நிறைகிறது.

சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சுமார் ஐந்தாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பலர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்கள், 'சொல்தா' என்று ஊரார் சொல்லும் படைவீரர் வீட்டுக்காரர்கள். அவர்களுடைய வாரிசுகளால்தான் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தல் நடந்தால் காரைக்காலில் ஒரு வாக்குச்சாவடி திறக்கிறது. காரைக்கால் வீட்டிலிருந்து கிளம்பி, பாரிஸ் அரசுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

சரி, அந்தத் தொண்ணூற்று மூன்றாயிரம் என்னவாயிற்று? 1901இல் ஐம்பத்தாறாயிரமாகக் குறைந்த ஊர் எப்போது மீண்டது? 1961 கணக்கெடுப்பிலும் அது பழைய எண்ணை எட்டவில்லை. 1971இல்தான் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1883இல் இருந்த கூட்டத்தைத் திரும்பப் பார்க்க அந்த ஊருக்கு மூன்று தலைமுறைக்கு மேல் பிடித்திருக்கிறது. ஒரு கப்பலில் போவதற்குச் சில வாரம் போதும். அந்த வெற்றிடம் நிரம்புவதற்கு எண்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது.

2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. இதில் ஆண்கள் 97,809, பெண்கள் 1,02,413. ஆண்களைவிடப் பெண்கள் நாலாயிரத்து அறுநூறு பேர் கூடுதல். ஏன் என்று காரைக்கால் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மகன் துபாயில், மருமகன் சிங்கப்பூரில், பேரன் பிரான்சில். கிழக்கு வாசல் மூடவில்லை, மேற்கு வாசலும் சேர்ந்து திறந்திருக்கிறது. 2004 டிசம்பரில் அதே கடல் உள்ளே வந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் கரையோர மக்கள். அந்த மீனவக் குப்பங்களில் போனவர் கணக்கை யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு தெரியும்.

காரைக்கால் என்றதும் தமிழ் உலகம் முதலில் நினைப்பது யாரை? புனிதவதியாரை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊரே மாம்பழத்தை இறைத்துக் கொண்டாடும் காரைக்கால் அம்மையாரை. அவருடைய கணவர் பரமதத்தன் கப்பலேறிப் போய்த் திரும்பி வேறு ஊரில் குடியேறிவிட்ட வணிகர். யோசித்துப் பாருங்கள், அந்த ஊரின் மூத்த கதையே கடலுக்குப் போன ஒருவனையும் கரையில் காத்திருந்த ஒருத்தியையும் பற்றியது. அவள் காத்திருந்ததோடு நிற்கவில்லை, தன் வழியைத் தானே கண்டாள், திருவாலங்காட்டுக்கு நடந்தாள். அம்மையாருடைய பாடல்களைக் காரவேலன் என்பவர் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956இல் நூலாக வெளியிட்டது. கொடி இறங்கி இரண்டு ஆண்டு கழித்து!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நந்திவரம்-கூடுவாஞ்சேரி. 2011இல் பேரூராட்சியாக இருந்தபோது நாற்பத்து நான்காயிரம் பேர். 2021இல் நகராட்சி. அதற்குப் பிறகு எத்தனை பேர்? அதிகாரபூர்வமான எண் நமக்கு இன்னும் கையில் இல்லை. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்க இருக்கிறது. நடுவில் என்னென்ன நடந்துவிட்டது! வயல் மனையாயிற்று, மனை அடுக்குமாடியாயிற்று, கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் வந்தது, மறைமலை நகர் ஆலைகளில் சில திறந்தன, சில மூடின.

காரைக்கால் போனவர்களின் ஊர் என்றால் கூடுவாஞ்சேரி வந்தவர்களின் ஊர். உங்களில் எத்தனை பேர் இங்கே பிறந்தவர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, எத்தனை பேர் மாயவரம், கும்பகோணம், திருவாரூர், காரைக்கால் பக்கத்திலிருந்து வந்தவர்கள்? பாருங்கள், இரண்டாவது முறை எத்தனை கை! இன்னும் இந்த அவைக்கு வராத ஒரு கூட்டம் இருக்கிறது. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து, ஒரு அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவர்கள். 1860இல் காரைக்கால் கிட்டங்கியில் காத்துக் கிடந்த நம் பாட்டனுக்கும் இவர்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்? அவர்கள் பெயர் நம் ஊரின் எந்த ஏட்டில் இருக்கிறது? நாளைக்கு ஒரு சாரம் சரிந்தால், தகவல் சொல்ல எந்த ஊருக்கு, யாருக்குச் சொல்வோம்?

கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது, 'எங்கே பிறந்தீர்கள், இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள்' என்று கேட்பது வழக்கம். பலர் வாசலில் நின்றபடி ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். நின்று பதில் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் வெளிமாநிலத் தம்பிக்கு மொழி தெரியாவிட்டால் கூட இருந்து எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அரசாங்கம் வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம், அதில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. உங்கள் பெயர், அப்பா அம்மா பெயர், தாத்தா பாட்டி பெயர், பிறந்த ஊர், கூடுவாஞ்சேரிக்கு வந்த ஆண்டு, உங்கள் குடும்பத்தில் யாராவது கடல் கடந்து போயிருந்தால் போன ஊர், இவ்வளவும் எழுதக் கட்டம் போட்டிருக்கிறது. எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு மாணவிகள் எழுதித் தருவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். அவசரப்படாமல் எழுதுங்கள், இரவு பத்து மணி வரை மண்டபம் திறந்திருக்கும்.